சணல் கட்டிய வால்வுகள்

இந்த இரங்கல் குறிப்பை ஒழுங்காக எழுதவேண்டும் என்பதற்காக, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த காலை.
2. சிதம்பரம் அண்ணாச்சி வேலை செய்த முறை.
3. என் சந்தேகங்களை அவர் பொறுத்துக்கொண்டது.
4. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சுவது.

காலையில் அவருடைய மகள் வள்ளி தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா போயிட்டாவ மாமா. ஒறக்கத்துலயே" என்றாள். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. ஆரியசாலையில் அவருடைய சோதனைக்கூடத்தில் முந்தின நாள் வால்வு கழற்றிய சிலிண்டர்கள் திறந்து கிடக்கின்றனவே, அவற்றை இனி யார் பார்ப்பார்கள் என்ற பதற்றம். அவரை அறிந்த நீங்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கடலில் மூழ்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டர்களைச் சோதித்துத் தருவது அவர் தொழில். கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் அவருக்குத் துணையாக அளவுகளைப் பார்த்துச் சொல்லிவந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே சிறு விளக்கை இறக்கித் துருவும் கீறலும் தேடுவோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட மிகுதியாக ஏற்றுவோம். சிலிண்டர் சற்றே உப்பும். அழுத்தம் இறங்கியதும் அநேகமாகப் பழைய அளவுக்குத் திரும்பவேண்டும். திரும்பாததை அண்ணாச்சி அங்கேயே துளையிட்டுவிடுவார். "இனி இது தண்ணி கோரக்கூட ஆவாது சாமி" என்பார் என்னிடம்; அவருக்கு நான் சாமி.

கழற்றிய வால்வை அதே சிலிண்டரின் கழுத்தில் சணலால் கட்டிவைப்பது எங்கள் வழக்கம். வால்வு திருகி ஏறும் மரைகளில் இருவகை உண்டு. பருமன் ஏறத்தாழ ஒன்றுதான். மாற்றிப் போட்டாலும் திருகு ஏறிவிடும். ஆனால் பிடிப்பு இருக்காது. காற்று அடைக்கும்போது வால்வு குண்டுபோலப் பிய்த்துக்கொண்டு வரும். பக்கத்தில் நிற்பவன் பிழைப்பது கடினம். "பொண்ணு மாப்பிள மாறினாக்கூட பேசித் தீத்துரலாம். வால்வு மாறப்பிடாது" என்பார்.

ஒருநாள், கோவளத்துக்குச் சிலிண்டர்கள் போனபிறகு, மேசைமேல் அறுத்த சணல்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதைப் பார்த்தேன். எல்லாச் சணலையும் ஒன்றாக அறுத்ததில் வால்வுகள் மாறியிருக்குமோ? வெகுநேரம் தயங்கித்தான் சொன்னேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கோவளத்தில் முக்குளிப்புக் கடை வைத்திருக்கும் பிஜுவை உடனே அழைத்தார்.

"பிஜு, காத்து அடிக்கியா? நிப்பாட்டு. நிப்பாட்டிட்டு வெலகிப் போ."

"எந்தா அண்ணாச்சி, ஒண்ணு பாதி ஆயி. வள்ளம் ரெடி, வெளிநாட்டு சாயிப்புமாரு காத்திருக்குது!"

"அவனுவ நிக்கட்டும். நீ இருக்கணும்லா."

இருவரும் ஆட்டோவில் கோவளத்துக்குப் போனோம். பாதி நிறைந்ததன் காற்றை அவர் மெல்ல இறக்கி, எல்லா வால்வுகளையும் கழற்றி, மரைகளை அளந்து பார்த்தார். ஒன்றும் மாறியிருக்கவில்லை.

பிஜு சிரித்தான். "சாமிக்கு வீடு பூட்டியோன்னும் டவுட் வரும் அல்லே? இன்னைக்கத்தெ டைவ் போச்சு."

"வரட்டும்டே. கள்ளன் வராம இருப்பாம்லா" என்றார் அண்ணாச்சி.

திரும்பும் வழியில் அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை. பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். அதன்பின்னும் எத்தனையோ முறை சந்தேகம் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தியதாகவே எண்ணிவந்தேன்.

துக்கவீட்டில் பிஜு என் அருகில் வந்து உட்கார்ந்தான். திறந்து கிடக்கும் சிலிண்டர்கள் அவனுடையவை.

"சாமி நோக்கித் தந்தா மதி" என்றான். நான் பார்த்துக் கொடுத்தால் போதுமாம்.

"எனக்கு என்னடா தெரியும்? அவர் இல்லாம நான் எப்படி?"

"ஓரோ தடவையும் சிலிண்டர் விடும்போ அண்ணாச்சி போன்ல விளிச்சு ஒரே காரியந்தான் சொல்லும். 'சாமிக்கு இன்னைக்குச் சந்தேகம் ஒண்ணும் வரல்ல, நீ காத்து அடிச்சுக்கோ'ன்னு."

என்னிடம் மிஞ்சுவது அந்தச் சொல்தான். பயத்தோடுதான் வைத்துக்கொள்கிறேன். நாளைக் காலை போய் விளக்கை இறக்கிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது குறிப்பில் 'பொறுத்துக்கொண்டது' என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. ஒவ்வொரு சிலிண்டரையும் அனுப்புமுன் அவர் என் சந்தேகத்துக்காகக் காத்திருந்திருக்கிறார்.