எங்கேஜ்ட் என்றொரு சொல்

எங்கள் அரியாலை வீட்டில் ‘எங்கேஜ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் தொலைபேசிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மறுமுனையில் இருப்பவர் வேறு யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தால் எங்கேஜ்ட், அவ்வளவுதான். கலியாணக் காரியங்களுக்கென்று சாதகம், பொருத்தம், பதிவுக்கு எழுத்து எனச் சொற்கள் தாராளமாக இருந்தமையால், இந்தச் சொல்லுக்கு அங்கேயும் ஓர் இடம் உண்டென்பதை எட்டு வயதில் நான் அறிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு மாமா தம் கடைசித் தங்கையான என் சின்னம்மாவுக்குக் கனடாவில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். கைக்குழந்தையாகப் போய் அங்கேயே வளர்ந்தவர். தமிழ் விளங்கும், கதைக்க வராது. சின்னம்மாவோ கிணற்றுக்கு அப்பால் இருந்த கொட்டிலில் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார். ஆகவே பொருத்தம் பத்துக்குப் பத்து என்பது மாமாவின் கணிப்பு.

“எனக்கு உது வேண்டாம் அண்ணை. இஞ்சையே இருந்து படிப்பிக்கத்தான் விருப்பம்” என்றார் சின்னம்மா.

“உன்ரை விருப்பத்தை ஆர் கேட்டது? ஞாயிற்றுக்கிழமை காலமை பொடியன் கோல் எடுப்பான். ரெண்டு வார்த்தை கதை. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

சின்னம்மா மேற்கொண்டு வாதாடவில்லை. சனிக்கிழமை பின்னேரம் என்னை அருகில் இருத்தி ஒரு வசனம் பழக்கினார்.

“நாளைக்கு எனக்கு வகுப்பு, குஞ்சு. ஆரும் இங்கிலீசிலை என்னைக் கேட்டா ‘ஷீ இஸ் எங்கேஜ்ட்’ எண்டு சொல்லு. வேலையா இருக்கிறா எண்டு அர்த்தம்.”

உச்சரிப்புத் திருந்தும்வரை விடவில்லை.

மறுநாள் மணி அடித்தபோது மாமா கோயிலுக்குப் போயிருந்தார். அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் சின்னம்மாவைக் கேட்டது. பாடத்தை ஒப்புவித்தேன். “ஆர் யூ ஷுவர்?” என்றது குரல். பள்ளிக்கூடத்தில் அந்தத் தவணை படித்த சொல்லொன்று கைவசம் இருந்தது.

“யெஸ். வெரி எங்கேஜ்ட்.”

அவர் நன்றி கூறி வைத்துவிட்டார்.

மத்தியானம் மாமா கொதித்துக்கொண்டு வந்தார். “வேறை இடத்திலை நிச்சயம் பண்ணிப்போட்டு எங்கடை பிள்ளையோடை விளையாடுறியளோ எண்டு தாய்க்காரி கேக்கிறா! பெட்டை விளங்காமல் சொல்லிப்போட்டுது எண்டு சொல்லிப் பாத்தன். சின்னப் பிள்ளையள் பொய் சொல்லாதுகளாம். போனை வைச்சிட்டா!” பிறகு என் பக்கம் திரும்பினார். “எடியே, என்னடி சொன்னனீ?”

கற்பித்த வசனத்தை மட்டும் சொன்னேன். நானாகச் சேர்த்த ‘வெரி’தான் குற்றமென்று எண்ணி, அதை எவரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

“பிள்ளையைப் பேசாதையுங்கோ அண்ணை” என்றார் சின்னம்மா. “அவள் சரியாத்தான் சொன்னவள். மற்ற அர்த்தத்தையும் சொல்லிக்குடுக்காதது என்ரை பிழை.”

கைக்கெட்டிய கனடா நழுவிய பின்னும் தங்கை இத்தனை பொறுமையாக இருக்கிறாளே என்று அம்மா கண்கலங்கினார்.

அன்று மாலை எனக்குத் தலை பின்னிவிடும்போது சின்னம்மா மெல்லச் சொன்னார்: “வசனம் நல்லாயிருந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னாலை ‘வெரி’ போடுறேல்லை.”

நான் தலையாட்டினேன். கிணற்றுக்கு அப்பால் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவருக்கு அது எப்படிக் கேட்டது என்று வினவ எனக்குத் தோன்றவில்லை. இலக்கணப் பிழையோடு தப்பிவிட்டோம் என்ற நிம்மதியே அன்றைக்குப் போதுமாயிருந்தது.