கை கட்டிய குழந்தைகள்

எல்லாரும் இந்தி பேசும் எங்கள் தீவில், ஷாதிபூரில் நாமே சாமான் எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடைக்கு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வருவார். மீன்பிடிப் படகில் வேலை. வெயிலில் கருத்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. கூடவே இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கே ஆறு வயதுதான் இருக்கும்.

வழியெல்லாம் தமிழில் கொஞ்சிக்கொண்டு வருகிறவர், கடை வாசலில் நின்று, "ஹாத் பீச்சே!" என்று உரக்கச் சொல்வார். உடனே இரண்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளும். பிஸ்கட் அடுக்கைத் தாண்டும்போதுகூட அந்தப் பிடி தளராது.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "புள்ளைங்ககிட்ட தமிழ்லதானே பேசுறீங்க தம்பி? இத மட்டும் ஏன் இந்தியில சொல்றீங்க?"

"அதுகளுக்குத் தமிழ்லயே சொல்லிருவேன்க்கா. இது கடையில இருக்கிறவங்களுக்குக் கேக்கணும்ல." அவர் பருப்புப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீன்காரன் புள்ளைங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஏதாச்சும் காணலைன்னா, முதல்ல இதுக கையத்தான் விரிச்சுப் பாக்குறாங்க."

அந்த நேரம் என் மகன் காசு கொடுக்கும் முன்பே ஒரு சாக்லேட்டைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தான். கல்லாவில் இருந்தவர் அவனைப் பார்த்துச் செல்லமாகச் சிரித்தார்.

குழந்தைகளின் அப்பா இரண்டு கையிலும் பைகளோடு வெளியே போனார். குழந்தைகள் பின்னால் நடந்தன. தெரு ஏற்றத்தில் சின்னவளுக்குக் கால் இடறியது. தடுமாறி, எப்படியோ நின்றுகொண்டாள். அப்போதும் பின்னால் கட்டிய கைகளை அவள் எடுக்கவே இல்லை.