கரண்ட் இல்லாத கம்ப்யூட்டர் பரீட்சை

என் மருமகள் அகிலாண்டம் தென்காசியில் கணக்கு டீச்சர். எண்பத்தேழில் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் அதையும் அவள் தலையில்தான் கட்டினார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை. உலை கொதிக்கும்போதுகூட, “வெந்தாச்சா? வேகலைன்னா கொதிக்க விடு, திரும்பப் பாரு” என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடுவதுபோல் முணுமுணுப்பாள். மாமியார் மருமகளைப் புகழ்கிறாளே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அவள் வகுப்பில் கடையநல்லூர்ப் பிள்ளை சைதூன் பீவி. கேட்டால் டக்கென்று பதில் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் பயத்தில் எல்லாம் மறந்துவிடும். முதல் பரீட்சையில் தோற்றுவிட்டது. அடுத்ததிலும் தோற்றால் கம்ப்யூட்டரை விட்டு வேறு பிரிவுதான் என்று தலைமையாசிரியர் வீரபாகு சொல்லிவிட்டார்.

அந்தப் பரீட்சையன்று சாரல் காற்றில் கரண்ட் போனது. நான் சோற்றுத் தூக்கோடு போனால், வராந்தாவில் அவளுக்கும் வீரபாகுவுக்கும் வாக்குவாதம்.

“பழைய மார்க்கையே போட்டு முடிங்க டீச்சர்.”

“பெட்டிக்குத்தான் சார் கரண்ட் வேணும். பிள்ளையளுக்கு எதுக்கு?”

குற்றால அருவியில் தண்ணீர் கூடினால் காவல்காரர் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதச் சொன்னாள். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் குளிக்க வந்தவர்களாக நடக்க வேண்டும். கம்ப்யூட்டர் மாதிரியே, எழுதாததைச் செய்யக்கூடாது. தரையில் கோடு போட்டு ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்தாள். ஆள் போதாமல் வீரபாகுவையும் கூட்டத்தில் நிறுத்தினாள்.

முதல் மார்க் வாங்கும் சிவனணைந்தபெருமாள், ‘தண்ணீர் அருவியின் பாதுகாப்பு வளைவைத் தொட்டால் விசில் ஊது, எல்லோரையும் வெளியேற்று’ என்று எழுதியிருந்தான். வெளியேறினார்கள். நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

“ஏலே, சீசனே முடியப்போவுது, எப்பலே குளிக்க விடுவே?” என்று ஒருத்தி கத்தினாள்.

திரும்ப எப்போது உள்ளே விடுவது என்பதையும் சைதூன் எழுதியிருந்தது: ‘தண்ணீர் இறங்கியதா பார். இல்லையென்றால் மறுபடி பார். இறங்கினால் எல்லோரையும் உள்ளே விடு.’ வீரபாகு விறுவிறுவென்று பெண்கள் பக்கம் போய் நின்றார்.

“சார், அது பொம்பளையாள் பக்கம்!”

“எந்தப் பக்கம்னு இவ எழுதலையே.”

சைதூன் முகம் செத்துவிட்டது. ஒரு நிமிஷம்தான். “ஆம்பளைன்னா இடது பக்கம், இல்லைன்னா வலது பக்கம்னு நடுவுல ஒரு வரி சேத்துக்கிடுதேன் டீச்சர்” என்றது.

வீரபாகு கோட்டைத் தாண்டி வந்தார். “இருந்துட்டுப் போகட்டும், இதே பிரிவுலயே.”

அகிலாண்டம் பாஸ் போட்டாள். ஆனால் முதலில் விட்டுப்போன அந்த வரிக்காக இரண்டு மார்க்கைக் குறைத்துவிட்டாள்.

“பயந்த பிள்ளைட்டி, அதையும் போடேன்.”

“தப்பு தப்புதான் அத்தை.”

அந்த இரண்டு மார்க்கை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.