மூச்சுக் குழாயை அடைத்த மாப்பிள்ளை அழைப்பு

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இப்போது மறதி வேறு. முன்னது பின்னது மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரரின் அண்ணன், என் மூத்தார், ஒரு பழைய கார் வைத்திருக்கிறார். கூட்டுக் குடும்பம் என்பதால் அந்தக் காரைப் பற்றிய பிரசங்கம் காலைக் காப்பியோடு எனக்கும் கிடைக்கும். அவர் எதிரில் பேசும் வழக்கம் எனக்கில்லை. அதனால் முழுசாகக் கேட்கிற ஆள் நான் ஒருத்திதான்.

"எஞ்சினும் மூச்சு விடணும்மா" என்பார். பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் புகை எப்போதும் கசிந்து, எண்ணெய் நிற்கிற அடித்தொட்டிக்குள் இறங்குமாம். அது வெளியேற ஒரு குழாய் காருக்கு அடியில் தரையைப் பார்த்து நிற்கிறது. இன்னொரு ரப்பர் குழாய் எஞ்சினின் தலையிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகிறது. அதற்குள் ஒரு கம்பி வலை. கார்புரேட்டரில் எப்போதாவது தீ பின்பக்கம் திரும்பி வெடித்தால், அந்த வலைதான் அதை எண்ணெய்ப் புகைக்குள் நுழையவிடாமல் தடுக்குமாம். அந்த வீட்டில் தாராளமாக மூச்சுவிட அனுமதி பெற்ற ஒரே ஜீவன் அந்த எஞ்சின்தான்.

அடிக்குழாய் சொட்டும். அவர் மனைவி, என் ஓரகத்தி அக்கா, வாசலில் போடுகிற கோலத்தின் நடுவில் தினமும் ஒரு கறுப்புப் பொட்டு விழும். "அது மூச்சுடி, அப்படித்தான் சொட்டும்" என்று மூத்தார் இத்தனை வருஷமும் அக்காவிடம் சொல்லிவந்தார்.

அவருடைய ஒரே பெண்ணுக்கு நீடாமங்கலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பட்டுக்கோட்டைப் பக்கம், சிங்கப்பூரில் வேலை. அவர்கள் வீட்டில் சாரட்டு வண்டி பேசியிருந்தார்கள். மூத்தார் விடவில்லை. மாப்பிள்ளை தன் காரில்தான் வர வேண்டும், தானே ஓட்டிவந்து மண்டப வாசலில் கையைப் பிடித்து இறக்க வேண்டும். பெண் பிறந்த நாளிலிருந்து அவருக்கு அந்த ஒரே ஆசை.

மண்டப வாசலில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் முன்னால் அதில் எண்ணெய் சொட்டலாமா? மூச்சைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவர், பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி அடிக்குழாயில் இறுக்கித் திணித்தார்.

"மூச்சு விடணும்னீங்களே?" என்றார் அக்கா.

"ஒரு மணி நேரம் அடக்கிக்கிட்டா செத்தா போயிடும்? மேல ஒரு குழாய் இருக்குல்ல!"

மேல் குழாய் இருந்தது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். உள்ளே இருக்கிற வலையைக் கழற்றிக் கழுவியவர் யாருமில்லை. அது கசடு அப்பிக் கிடந்தது.

பிள்ளையார் கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரம், நடுவில் கார், பின்னால் வரிசைத் தட்டோடு நாங்கள். பாதி வழியில் கார் இருமியது. அப்புறம் பானெட்டுக்குள் டமார் என்று ஒரு வெடி. வாணவேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. மூத்தாரும் அதுதான் சாக்கு என்று சிரித்துக்கொண்டே ஓட்டினார். உள்ளே அடைபட்ட புகை வேறு வழி தேடி, எண்ணெய் அளக்கிற கம்பியைப் பிடுங்கி எறிந்தது. சுட்டுக்கொண்டிருந்த சைலன்ஸர் குழாயில் எண்ணெய் கொட்டி, பானெட் இடுக்கெல்லாம் வெள்ளைப் புகை.

"மாப்பிள்ள, உக்காருங்க, ஒண்ணுமில்ல!"

"மாமா, கண்ணு எரியுது மாமா!"

"நீங்க இறங்குங்க தம்பி" என்று அக்கா கதவைத் திறந்தார். "காரு நாளைக்கு வந்தாலும் பரவால்ல. உங்களுக்கு இன்னிக்கித்தான் அழைப்பு."

மாப்பிள்ளை மாலையோடு நடந்தார். மூத்தார் பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் படுத்து அடைப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எல்லார் செல்போனிலும் அவர் கால்கள் மட்டும் பதிவாயின.

மண்டப வாசலில் ஆரத்தி காத்திருந்தது. சம்பந்தி அம்மா, "பொண்ணோட அப்பா எங்கங்க?" என்று கேட்டார்.

"காரை மூச்சு விட வச்சிட்டு வருவாரு" என்றார் அக்கா.

என் வீட்டுக்காரர்தான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப்போனார். பெண் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா வரலியா சித்தி?" என்றது. என்னால் அதற்கு மட்டும் சிரிக்க முடியவில்லை.

முதல் பந்தி முடியும் நேரத்தில் வேட்டியெல்லாம் கறுப்பாக மூத்தார் வந்தார். வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? சம்பந்தியைப் பிடித்து உட்காரவைத்து, "அந்த வலை இருந்துச்சோ, பொழச்சோம்! இல்லேன்னா தீ உள்ள போயிருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். மகள் மேடையிலிருந்து பார்த்தபடியே இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பப் பயந்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

கசடு பிடித்த வலை நிஜமாகவே தீயைத் தடுத்ததா, அந்த வெடி எதனால் வந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். கார் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அவரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். பொழுது சாய்ந்தாலும் விடமாட்டார்.