ஒரே ஒரு காட்சியில் வரும் அப்பா

பாங்காக்கில் நான் வேலை பார்க்கும் பெயின்ட் ஃபேக்டரி கேன்டீனில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கூட்டம் கூடும். பிம் என்று ஒரு பேக்கிங் சூப்பர்வைசர், பேரன் எடுத்தவள், தண்ணீர் பாட்டிலில் செல்போனைச் சாய்த்து வைத்துச் சீரியல் போடுவாள். நூடுல்ஸ் கிண்ணங்களோடு பெண்கள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மாமியார் மருமகள் சண்டையாக இருக்கும் என்று ஒருநாள் நானும் எட்டிப் பார்த்தேன். மழையில் நனைந்த இரண்டு பையன்கள். ஒருத்தன் இன்னொருத்தனுக்குத் தலை துவட்டிவிடுகிறான். அண்ணன் தம்பி போலிருக்கிறது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். எனக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பெண்களோ கைதட்டுகிறார்கள்! அட கடவுளே, பேரன் எடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்!

பிம் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "யுவர் சன் ஹேவ் ஃபேன்?" என்று கேட்டாள். காதலி, காதலன், கட்டியவள், கட்டியவன் எல்லோருக்கும் இங்கே ஃபேன் என்ற ஒரே சொல்தான். "பாய்? கேர்ள்?" என்று வேறு சேர்த்துக்கொண்டாள், காப்பியா டீயா என்று கேட்பதைப் போல. எனக்கு வந்ததே கோபம். "நோ! இண்டியா நோ! மை சன் நோ!" என்று கத்தினேன். அவள் முகம் வாடிவிட்டது. "நோபடி?" என்றாள் மெதுவாக. என் மகன் துணைக்கு ஆளில்லாமல் தவிக்கிறான் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். நான் லீவில் கிளம்பியபோது, பையனுக்குக் கொடு என்று ஒரு டப்பா காய்ந்த மாம்பழம் கொண்டுவந்து நீட்டினாள்.

கேன்டீனில் நடந்த கூத்தை அன்றைக்கே வீடியோ காலில் என் மனைவி செல்வியிடம் சொன்னேன். கடலூர்ப் புதுப்பாளையத்து வீட்டில் இருப்பவள், தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள் என்று நினைத்தேன். "எது, அந்த டாக்டருக்குப் படிக்கிற புள்ளையா? நேத்துதான் பாத்தேன். தமிழ்லயே வருதே," என்றாள். "ஏங்க, அதுல ஒரு படகுத்துறை வருதே, அது உங்க ரூமுக்கிட்டயா?" என்று கேட்டாள். ஆமாம், நான் தினமும் ஆற்றைக் கடக்கிற துறைதான். அந்தத் துறைக்காகத்தான் சீரியலைப் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். தேவனாம்பட்டினம் பீச்சில் நானும் என் மச்சானும் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு எத்தனை சாயங்காலம் நடந்திருப்போம்? ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்த்திருக்குமா? அதே இடத்தில் ஒரு பெண்ணோடு நடந்திருந்தால், நாங்கள் வீடு திரும்பும் முன்னே சேதி போய்ச் சேர்ந்திருக்கும். சிதம்பரத்தில் விவசாயம் படிக்கும் என் மகன் கதிரும் அவனுடைய சினேகிதன் அருளும் அப்படித்தான். அருளுக்குப் பிச்சாவரம் பக்கம் ஊர். ஒரே பைக்கில் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார்கள், ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பை நண்டோடு. வந்த உடனே அருள் அடுப்படிக்குப் போய்விடுவான். நல்ல பிள்ளை என்று எனக்கு அவன்மேல் தனிப் பிரியம்.

லீவில் ஊருக்கு வந்த மறுநாள், செல்வி கூடத்தில் இறால் உரித்தபடி அந்தச் சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மகன் தன் காதலை அம்மாவிடம் சொல்கிறான். அந்த ஊர் அம்மா கொய்யாப்பழத்தை அறுத்து, ஒரே தட்டில் இரண்டு முள்கரண்டி வைத்து, இரண்டு பையன்களுக்கும் நடுவே நகர்த்துகிறாள். செல்வி முழங்கையாலேயே ரிமோட்டை அமுக்கி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள்.

"ஏன் இதயே போட்டுப் பாக்குற?"

"அந்தம்மாவுக்குக் கை நடுங்குதான்னு பாக்குறேன். கதிரு என்கிட்ட சொன்னப்போ எனக்குக் கையில இருந்த தட்டு வுழுந்துடுச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதிர் என்ன சொல்லியிருப்பான் என்று புரிந்துவிட்டது. "யாரு?" என்று மட்டும் கேட்டேன். "அருளுதான்," என்றாள். தலையில் கல்லைப் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டேன். நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது, இதற்கா பெற்று வளர்த்தோம் என்று என்னென்னவோ கத்தினேன். அவள் இறாலை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"கத்துங்க. இந்த சீரியல்லயும் அப்பா வெளியூர்லதான் இருக்காரு. ஒரே ஒரு சீன்தான் வராரு. கத்துறாரு, பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிடுறாரு. அதுக்கப்புறம் அந்தப் புள்ள அப்பாகிட்ட பேசவே மாட்டான். நீங்களும் லீவு முடிஞ்சதும் போயிடுவீங்க. நான்தான இங்க கெடக்கணும்? சாயங்காலம் கதிரு வரான், உங்ககிட்ட சொல்றதுக்கு. என்ன சொல்லப் போறீங்கன்னு யோசிச்சி வையுங்க."

யோசித்தேன். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். சாயங்காலம் கதிர் வந்து வாசற்படியிலேயே நின்றான். சட்டையெல்லாம் வியர்வை. அவன் வாயைத் திறப்பதற்குள் என் வாயில் வந்தது இதுதான்: "அருள் வரலயா?" ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வி.

கதிர் அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னை. "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறான்பா. நீங்க வெளிய போகச் சொல்லிட்டீங்கன்னா, நான் தனியா இருக்கக் கூடாதுன்னு கூட வந்தான்."

அந்த வார்த்தை என்னை அறுத்துவிட்டது. வீட்டைவிட்டுத் துரத்தப் போகிற ஆளாக என்னை நினைத்துத் துணையோடு வந்திருக்கிறான் என் பிள்ளை! சட்டையை மாட்டிக்கொண்டு கதிரின் பைக்கை எடுத்தேன். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டினேன். என்னைக் கண்டதும் அருள் எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏறு," என்றேன். ஏறினான். எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்பவன், அன்றைக்கு ஒரு முழம் தள்ளி, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான். வேகத்தடை வந்தது. "புடிச்சிக்கடா, வுழுந்துடப் போற," என்றேன். வெகுநேரம் கழித்துத் தோளில் ஒரு கை வந்தது.

அதிர்ச்சி போய்விட்டது என்று சொன்னால் பொய். சொந்தக்காரர்கள் போன் வந்தால் இன்னும் எடுப்பதில்லை. அன்றைக்குச் செல்வி மாம்பழ டப்பாவைத் திறந்து பையன்கள் இருவருக்கும் நடுவே வைத்ததை, பாங்காக் திரும்பியதும் பிம்மிடம் சொன்னேன். கேன்டீனே கைதட்டியது. எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

நேற்றுப் படகுத்துறையில் நிற்கும்போது செல்வி வீடியோ காலில் வந்தாள். கூடத்தில் மூன்று பேரும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா, உங்க ஊரு வருது பாருங்க," என்று கதிர் போனை டிவி பக்கம் திருப்பினான். அதில் இந்த ஆறு, இந்தத் துறை. கடலூரில் என் வீட்டுக்குள் பாங்காக் ஓடிக்கொண்டிருந்தது. பாங்காக்கில் என் உள்ளங்கையில் என் வீடு இருந்தது. "அந்தக் கூட்டத்துல நீங்க இருக்கீங்களான்னு தேடுறோம் மாமா," என்றான் அருள். படகு வந்தது. ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன்.