பஞ்சு எடுத்த ஹெட்போன்

என் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்ற எல்லோருக்கும் அவர் பஞ்சுதான். அட்டைப்பெட்டி ஆலையில், வெட்டு இயந்திரத்தில் முப்பத்தோரு வருட வேலை. அது ஓடும்போது பக்கத்தில் நின்று “தீ, தீ!” என்று அலறினாலும் “நல்லா இருக்கேன், நீங்க?” என்றுதான் பதில் வரும். அதனால் ஆலையில் மாதம் ஒரு டப்பா காதடைப்பான் கொடுப்பார்கள். மஞ்சள் நிறம், சுண்டுவிரல் நுனி அளவு. அமுக்கினால் சுருங்கி மெல்ல விரியும் பஞ்சு. மற்றவர்கள் அதைக் காதில் வைத்துக்கொண்டார்கள். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, பல் குத்தும் குச்சி கனத்தில் நாலு திருகாணி முடுக்கி. விலை உயர்ந்த ஹெட்போன்களைத் திறந்து சீர்செய்வதுதான் அவருடைய உயிர். காதடைப்பானை வெங்காயத்தோல் கனத்துக்கு வட்டவட்டமாகச் சீவி, ஒலி எழுப்பும் தகட்டின் முன்னால் வைப்பார். குத்தும் ஓசை அடங்கிவிடும். காது மெத்தையை மாற்றுவார்; ஒயரை மாற்றுவார். அவர் கைபட்ட ஹெட்போனில் கேட்டால் பாடகிக்கு எந்தப் பல் ஆடுகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று நான் அளப்பதுண்டு. பல்லை விடுங்கள், அவள் மூச்சு வாங்கும் இடம் சத்தியமாகக் கேட்கும்.

அவருக்கென்று ஒன்று வைத்திருந்தார், மரக்கிண்ணம் பதித்தது. பக்கத்து வீட்டில் ஸ்கூட்டர் வாங்கியபோது இவர் அந்த விலைக்கு இதை வாங்கினார். அவர் மனைவி, என் ஓரகத்தி, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவரே அவள் தலையில் அதை மாட்டிவிட்டார். அதன்பின் ஸ்கூட்டர் பேச்சே இல்லை. விடுமுறை நாள் மதியங்களில் ஆளுக்கொரு பாட்டு: அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதெல்லாம் “இப்ப என் முறை” என்பதற்காகத்தான்.

ஐம்பத்து நாலாவது வயதில் ஒருநாள், “சத்தம் மந்தமா இருக்கு, அண்ணி. பஞ்சுல தூசி அடைஞ்சிருக்கும்” என்றார். மரக்கிண்ண ஹெட்போனைத் திறந்து ஒரு வட்டத்தை உருவினார். தெளிந்தது. நாலு மாதம் கழித்து மறுபடி மந்தம். இந்த முறை ஈரக்காற்றின் மேல் பழி. இன்னொரு வட்டம் போயிற்று. என் ஓரகத்தி தன் முறையை விட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். “தலை வலிக்குதுங்க, நீங்களே கேளுங்க.” அவருக்கு அது பாசமாகப் பட்டது.

பிறகு வயலின் ஆசிரியை ஒருத்தி, இறந்துபோன தன் குருவின் ஒலிப்பதிவுகளைக் கேட்கும் ஹெட்போனைக் கொடுத்தாள். மெத்தை கிழிந்திருந்தது, மாற்றச் சொன்னாள், அவ்வளவுதான். இவர் கேட்டுப் பார்த்தார், மந்தம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே உள்ளே இருந்த பஞ்சு வட்டங்களை எடுத்துவிட்டார்.

இரண்டாம் நாளே அவள் வந்து நின்றாள். “அண்ணே, என்ன பண்ணீங்க? காதுல ஊசி எறங்குது. எங்க ஐயா வாசிச்ச மாதிரியே இல்ல.”

“உங்களுக்குப் பழைய மந்தமே பழகிப்போச்சு, மேடம். இதுதான் அசல்.”

“அவரு பக்கத்துல உக்காந்து பதினாறு வருஷம் கேட்டவ நான்.”

ஹெட்போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். “அவங்க காதைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்” என்று என்னிடம் முணுமுணுத்தார்.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல். ஓரகத்தி வெப்பமானியை நாக்கடியில் வைத்துவிட்டு, “பீப் அடிச்சதும் எடுங்க” என்று கஞ்சியைக் கிளறப் போனாள். பீப் அடித்தது. அடுப்படியில் அவளுக்குக் கேட்டது, வாசலில் எனக்குக் கேட்டது. அவர் வாயை மூடியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து எடுத்து, “பேட்டரி செத்துப்போச்சு” என்றார். நான் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தேன். ஓரகத்தியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

காய்ச்சல் விட்டதும் ஓரகத்தியும் நானும் அவரைக் காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒரு சாம்பல் நிற ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னாள் அங்கே இருந்த பெண். கொஞ்ச நேரம் அமுக்கினார். பிறகு கை அப்படியே நின்றது. ஹெட்போனைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல மேல் ஓசை எதுவும் வரலம்மா. உள்ள பஞ்சு கெட்டிப்பட்டிருக்கும். குடுங்க, பாத்துத் தரேன்.”

“போன வாரந்தான் சார் சரிபார்த்தாங்க” என்றவள், தாளில், மேல் ஓசைகளுக்கான வலப்பக்கம் சரிந்து விழுந்த கோட்டை அவரிடம் காட்டினாள். “மெஷின்ல வேலையா? காதடைப்பான் குடுக்கலையா?”

“குடுத்தாங்க” என்றார்.

மறுநாள் வயலின்காரியின் ஹெட்போனைத் திறந்தார். அவர் வீசிய வட்டங்கள் குப்பையோடு போயிருந்தன. புதிதாகச் சீவி வைத்தார். சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. மனைவியின் தலையில் மாட்டினார்.

“எப்படி?”

“ஊசி.”

ஒன்று கூட்டினார்.

“இப்ப?”

“கம்பளி போத்தின மாதிரி இருக்குங்க.”

மூன்று நாள் இப்படியே போயிற்று. இசையைப் பற்றி ஒன்றும் படிக்காதவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார். நாலாம் நாள் அவள் எதுவும் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை கழற்றவுமில்லை. அதைத்தான் மூடி முடுக்கினார்.

ஆசிரியை வந்து கேட்டாள். கண் நிறைந்தது. “இதுதாண்ணே எங்க ஐயா.”

“உங்களோடதுல ஒரு குறையும் இல்லம்மா. கேட்டவன் காதுலதான் குறை. இனிமே யாரையும் என்கிட்ட அனுப்பாதீங்க.”

அவள் போனதும் ஓரகத்தி மரக்கிண்ண ஹெட்போனைக் கொண்டுவந்து வைத்தாள். “நம்மளோடதையும் அதே மாதிரி பண்ணிடலாங்க.”

“பண்ணினா எனக்குக் கேக்காதேடி.”

“இப்படியே இருந்தா எனக்குத் தாங்கலையே.”

யார் காதுக்கு அதைச் சரிசெய்வது? அவள்தான் கடைசியில், “உங்களுக்கே இருக்கட்டும்” என்றாள். இப்போது அவர் மட்டும்தான் கேட்கிறார். அதிலிருந்து கசியும் கிறீச்சொலி தாங்காமல், அவள் அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வருகிறாள்.

போன வாரம் நான் போனபோது மேசையில் அதைத் திறந்துபோட்டு உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “மறுபடி மந்தமாயிடுச்சு, அண்ணி” என்றார். எட்டிப் பார்த்தேன். எடுக்க இனி ஒரு வட்டம்கூட மிச்சமில்லை. அவர் நாலு திருகாணியையும் ஒவ்வொன்றாக முடுக்கி மூடினார்.