சாமுராய்க்குத் தமிழ் சொன்னவர்

மைதாப் பசையின் வாசனை வந்தாலே எனக்குச் சந்தேகமும் கூட வரும். இன்று காலை பேருந்து நிறுத்தச் சுவரில் ஈரம் காயாத ஒரு சுவரொட்டி. வயலை இறால் குட்டையாக்கலாம் வாருங்கள் என்று நாளைக்கு ஒரு கூட்டம். சிறப்புரை கதிரேசன். தலைமை என்று என் பெயர். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் இளவட்டமாக இருந்த காலத்தில் கதிரேசன் அண்ணன் திருவாரூர்ப் பக்கம் விவசாயக் கூலிகளின் சங்கத்தில் முழுநேர ஊழியர். நான் நெல் கொள்முதல் நிலையத்தில் புதிது. உடம்பெல்லாம் நெல் சுணை, மனசெல்லாம் புரட்சி. சாயங்காலமானால் இரண்டு பேரும் பசை வாளியோடு கிளம்பிவிடுவோம். சம்பா அறுத்து ஓய்ந்த களத்தில் வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டி அவர் படம் போடுவார். மற்ற ஊர்களில் சாமி படம் ஓடும், எங்களுக்கு ஜப்பான் வாள் படம். படப்பெட்டி எங்கிருந்து வருகிறது என்று அவர் சொன்னதேயில்லை. தலையை ஒட்ட வெட்டிய ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து கடைசியில் உட்காருவார். போலீஸ்தான். கடலை நீட்டினால் வாங்கிக்கொள்வார். எங்கள் சந்தேகம் முழுவதையும் அவர்மேல் செலவழித்துவிட்டோம்.

திரைக்கு இரண்டு பக்கமும் சனம். பின்பக்கத்தாருக்கு சாமுராய் இடதுகைக்காரன். மறுநாள் உளுந்து பறிக்கையில் இதற்கே சண்டை நடக்கும்.

ஜப்பான் பேச்சு புரியாதே, என்ன செய்வது? திரையோரம் நின்று கதிரேசன் அண்ணன் தொண்டை கிழியத் தமிழில் சொல்வார். ஒரு படத்தில் எசமான் இல்லாத வாள்வீரன், ஒரு கிராமத்துச் சோறு தின்று அதற்கே காவல் நிற்கிறான். கடைசியில் மழையில் ஆற்றைக் கடந்து, ஊரை அழிக்கத் துடிக்கும் பிரபுவின் கோட்டை வாசலில் ஏதோ பேசி, உள்ளே போகிறான். கதவு மூடுகிறது. படம் முடிந்தது.

"உள்ள பூந்து அடிக்கப் போறான், தோழர்களே!"

கூலிப் போராட்டத்தில் முதல் ஆளாக வரப்பில் உட்கார்ந்த அஞ்சலை அக்கா விடவில்லை. "போனவன் திரும்பி வந்தானா? அதக் காட்டச் சொல்லுங்க."

"வருவான்க்கா."

"வந்தா சொல்லி அனுப்புங்க. ஒரு ஆளு சோறு சேத்து வடிக்கிறேன்."

களமே சிரித்தது. அவரும்தான்.

பிறகு ஒருநாள் சங்கத்தை விட்டார். எந்தப் பண்ணை வாசலில் கொடி நட்டாரோ, இறால் குட்டை போடத் துடிக்கும் அந்தப் பண்ணையார் பேரனுக்கு இப்போது ஆலோசகர். துண்டின் நிறமும் வேறு. பயம் என்றார்கள், ஆசை என்றார்கள். மனுஷன் மாறத்தான் செய்வான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாறவே மாறாதவர்களைக் கண்டாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, அது வேறு கதை.

போன மாதம் அதே படம், அடியில் தமிழ் எழுத்தோடு, கைப்பேசியில் அகப்பட்டது. கோட்டை வாசலில் அந்த வாள்வீரன் சொல்வது இதுதான்: ஊருக்குள் நுழைய எந்தக் கரை பலவீனம் என்று எனக்குத் தெரியும், காட்டுகிறேன்.

சுவரொட்டி முன்னாலேயே நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"என்னைக் கேக்காம பேரப் போட்டிருக்கீங்களே அண்ணே?"

"நீ மேடையில உக்காந்தாத்தான் தெரு சனம் வரும் தம்பி, உன்னத்தான் நம்புறாங்க. குட்டைக்கு உப்புத்தண்ணி விட்டா நிலம் உப்பாப் போயிடும்னு பயப்படுறாங்க."

"போவாதா?"

"உள்ள இருந்தாத்தான்யா நம்ம சனத்துக்கு எதாவது செய்ய முடியும்."

அந்த ஜப்பான் படத்தைப் பற்றிக் கேட்டேன். உள்ளே புகுந்து அடிக்கப் போகிறான் என்று அன்றைக்கு எதை வைத்துச் சொன்னார்?

"எனக்கென்ன ஜப்பான் பாஷையா தெரியும்? சனம் நம்பிக்கையோட வீட்டுக்குப் போவணும்ல."

"இப்ப சொல்றதும் அப்படித்தானா?"

"நாளைக்கு நேரத்துக்கு வந்துரு" என்று வைத்துவிட்டார்.

பசை ஈரமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. நகத்தால் சுரண்டி என் பெயரை எடுத்தேன். கூட்டத்துக்குப் போவேன், கீழே உட்காருவேன்.

களம் போய்விட்டது, அங்கே கல்யாண மண்டபம். நாளைக்குக் கூட்டமும் அதில்தான். அஞ்சலை அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மண்டபத்தில் குளிர்சாதனம் உண்டு, மெத்தை நாற்காலி உண்டு, ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி உண்டு. பேசுகிறவரை நடுவில் மறித்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிற வாயைத்தான் காணோம்.